கிழக்கு வரப்பில் ல, மேற்கு வரப்பில் ர

நவம்பர் வந்தால் எங்கள் ஒன்பதாம் வாய்க்காலில் யாருக்கும் தொண்டை இருக்காது. நெல் பால் பிடிக்கிற மூன்று வாரமும் விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை வயலுக்கு ஒரு ஆள் நின்று கத்த வேண்டும். குருவி என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற சிவப்பு மூக்குக் குருவிதான், ஆனால் ஒன்றாக இரண்டாக வருகிற ஜாதி இல்லை. கோரைக் காட்டிலிருந்து கிளம்பினால் பத்தாயிரமாகக் கிளம்பும். எந்த வயலில் சத்தம் இல்லையோ அங்கே இறங்கும். இறங்கிய இடத்தில் அரைமணி நேரம் விட்டால் மிஞ்சுவது வைக்கோல். அதனால் எங்கள் வாய்க்காலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: குருவிப் பருவத்தில் ஒருத்தர் வயலும் ஊமையாக நிற்கக் கூடாது. உடம்பு சரியில்லை, கல்யாணம், கருமாதி எதுவும் செல்லாது. ஒரு வயலில் இறங்கப் பழகிய கூட்டம் மறுநாள் பக்கத்து வயலுக்கும் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் மதகுக்காரன். இருபத்திரண்டு வருஷமாகத் தலைமதகைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. பெயர் ஒன்று இருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை. மதகு மேட்டில் நின்றால் பதினான்கு வயலும் தெரியும். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் கத்துகிறார்கள், யார் கத்துகிற மாதிரி வாயை மட்டும் திறக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

அந்த வருஷம் கசோக்கியின் வயலிலிருந்து வந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. மற்றவர்கள் "ஊய்", "ஹா" என்று கத்துவார்கள், சிலர் பக்கத்து வயல்காரனைத் திட்டுகிற சாக்கில் குருவியைத் திட்டுவார்கள். கசோக்கியின் மகள் மிசேரே இங்கிலீஷில் கத்தினாள். கிழக்கு வரப்பில் நடக்கும்போது "லைட்! லோட்! லாக்! லாங்!" என்பாள். தெற்கு மூலையில் திரும்பி வாயை மூடிக்கொண்டு போய், மேற்கு வரப்பில் கால் வைத்ததும் "ரைட்! ரோட்! ராக்! ராங்!" என்பாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் குச்சி நுனியில் ஒரு சேற்று உருண்டையைக் குத்தி விசிறுவாள். குருவிகள் எழும்பிப் போய்விடும். பக்கத்து வயல் ரோடா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "மதகுக்காரரே, இந்தக் குருவியெல்லாம் பாஸ் பண்ணி வெளிநாடு போயிரும் போலருக்கே" என்றாள்.

விஷயம் இதுதான். எங்கள் கிகூயு பாஷையில் ல கிடையாது. ர ஒன்றை வைத்தே பிறந்து வளர்ந்து செத்தும் போகிறோம். எங்கள் வாய்க்கால் தலைவர் எலியுட் பெரியவருக்குப் பாதிரியார் வைத்த பெயர் எலியுட், அவர் மனைவி உட்பட எல்லோரும் கூப்பிடுவது எரியுட். அவரும் திரும்பிப் பார்ப்பார். ல என்று ஒன்று இருப்பது பள்ளிக்கூடத்தில்தான் தெரிகிறது. தெரிந்த பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. அதைச் சொல்லவே முடியாது என்பதில்லை, கொஞ்சம் பழகினால் வந்துவிடும். வந்த பிறகு எங்கே போடுவது என்று நாக்குக்குத் தெரியாது. புதுச் செருப்பு வாங்கியவன் மாதிரி வேண்டாத இடத்திலெல்லாம் போட்டுக்கொண்டு நடப்போம். நெல் விளைவிக்கிற ஊர்க்காரர்களாகிய நாங்கள் ரைஸ் என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், படித்த பிறகு லைஸ் என்று சொல்லித் தலைப்பேனைச் சமைத்துச் சாப்பிடுகிறோம். நைரோபிக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சாப்பிடுவது எங்கள் நெல்லைத்தான்.

மிசேரே கல்லூரி முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். நைரோபியில் ஒரு கம்பெனி, வெளிநாட்டுக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்கிற வேலை. அதற்குக் குரல் பரீட்சை உண்டு. போனில் கூப்பிட்டு, எதிர்முனையில் இருப்பவர் கேட்கக் கேட்க நாற்பது ஜோடி வார்த்தைகளைப் படிக்க வேண்டும். ஆகஸ்டில் முதல் தடவை பரீட்சை வந்தபோது ஊருக்குள் போய், நெட் கடையில் உட்கார்ந்து பேசினாள். நாற்பதில் பதினொன்று தப்பு. வெளியே மோட்டார் சைக்கிள் இரைச்சலும் நெல்மில் இரைச்சலும் வேறு. மூன்று மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு, அதிலும் தவறினால் அவ்வளவுதான், மூன்றாவது தடவை கிடையாது.

அந்த முதல் பரீட்சை நடந்தது, அவள் அம்மா வன்ஜிராவைப் புதைத்த ஒன்பதாம் நாள்.

வன்ஜிராவுக்கு நாற்று நடுகிற சமயத்தில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள். நாலாம் நாள் இல்லை. நான் எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறேன், அந்தச் சாவு மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. கசோக்கி அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான், பாதிரியாருக்குக் குடை பிடித்தான், எல்லோரும் சாப்பிட்டாச்சா என்று விசாரித்தான். மிசேரே தட்டு கழுவினாள். மண் தள்ளி முடிந்ததும் கசோக்கி மண்வெட்டியைத் துடைத்துச் சுவரில் சாத்திவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு மிச்ச நாற்றை நட வந்துவிட்டான். அன்றிலிருந்து தேவைக்கு மேல் ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. வீட்டுக்குப் போனால் இரண்டு பேரும் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்து கிதேரி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சோளமும் பயறும் வாரத்தில் இரண்டு தடவை ஒரு பெரிய பானையில் வேகும், மற்ற நாளெல்லாம் அதையே சூடு பண்ணுவது. நமக்கும் ஒரு தட்டு வரும். உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அங்கே உட்கார முடியாது. துக்கம் என்றால் அதில் எனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளத் தெரியும், இது என்ன என்றே தெரியவில்லை.

வன்ஜிரா என் அம்மாவின் குலத்தில் பிறந்தவள், அந்த முறையில் மிசேரே என்னை மாமா என்பாள். எங்கள் பாஷையிலும் அம்மாவின் சகோதரன் மாமாதான்.

பரீட்சைக்கு நாலு நாள் இருந்தபோது மதகு மேட்டுக்கு வந்தாள். போனை உயர்த்திப் பிடித்து இங்கும் அங்கும் நடந்தாள்.

"மாமா, இங்க நாலு கோடும் நிக்குது."

"கோடா?"

"சிக்னல். வீட்டுல ஒண்ணுகூட நிக்கல. வியாழக்கெழம பத்து மணிக்குக் கூப்பிடுவாங்க. இங்க நின்னு பேசிக்கட்டுமா?"

அவள் குரலைக் கேட்டு எனக்குத் திக்கென்றது. இரண்டு வாரக் கத்தலில் தொண்டை மரம் அறுக்கிற மாதிரி ஆகியிருந்தது.

"பேசிக்க. ஆனா இந்தத் தொண்டய வச்சுக்கிட்டு என்னத்தப் பேசுவ?"

"வார்த்தைங்க சரியா வருது மாமா. கால் வச்சா வந்துருது. இந்த வரப்புன்னா ல, அந்த வரப்புன்னா ர. உக்காந்து படிச்சப்ப வரவே இல்ல. நடக்கும்போது எது எங்கன்னு காலுக்குத் தெரியுது."

"அப்பன எறங்கிக் கத்தச் சொல்லக் கூடாதா? நீ ஓய்வெடு."

"அப்பா வர்றாரே. சேறு எறியுறாரு."

"எறியுறான். கத்த மாட்டேங்குறானே."

அவள் கீழே மதகில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இந்த இரைச்சலும் வயல்களிலிருந்து வருகிற கத்தலும் போனில் கேட்குமா என்று கேட்டாள். கேட்கும் என்றேன். "போன தடவ அதுக்கும் மார்க் கொறச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, வருத்தமோ கோபமோ இல்லாமல், கடையில் உப்பு இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்புகிறவள் மாதிரி இறங்கிப் போனாள்.

எனக்குத்தான் மனது கேட்கவில்லை. அன்று மாலையே பெரிய வேலமரத்தடியில் வாய்க்கால்காரர்களைக் கூட்டினேன். மழை வருகிற மாதிரி இருந்தது, வடக்கே எப்போதும் தெரிகிற மலையே தெரியவில்லை. பத்துப் பதினோரு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்ததால் கூட்டம் முழுக்க ரகசியம் பேசுகிற மாதிரி நடந்தது. முதலில், அந்தப் பெண் மூன்று நாளைக்குக் கத்தாமல் இருக்க அவள் வயலுக்கும் சேர்த்து நாம் கத்துவோம் என்றேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ரோடா, தேனும் இஞ்சியும் நான் தருகிறேன் என்றாள். பிறகு இரண்டாவதைச் சொன்னேன். வியாழக்கிழமை பத்து மணியிலிருந்து இருபது நிமிஷம் ஒன்பதாம் வாய்க்காலில் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது, நானும் மதகை மூடிவிடுகிறேன்.

எலியுட் பெரியவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"மதகுக்காரா, நீ சொல்றது மனுஷங்களுக்கு. குருவிகிட்ட யாரு சொல்றது?"

"இருபது நிமிஷந்தான் பெரியவரே."

"இருபது நிமிஷத்துல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? எங்கப்பன் காலத்துலேருந்து இந்த வாய்க்கால் பேசாம இருந்ததில்ல. எல்லாரும் ஒண்ணா வாய மூடுனா கூட்டத்துக்கே பந்தி விரிச்ச மாதிரி."

"பதினாலு வயலும் ஒண்ணாத் தொறந்து கெடந்தா எல்லாத்துலயும் கொஞ்சங் கொஞ்சம் திங்கும். ஒருத்தன் முழுசா அழிய மாட்டான்" என்றேன். இதை நான் நம்பித்தான் சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேனா என்று கேட்டால், இல்லை.

"வேற எங்கயாவது போய்ப் பேசலாமே. சர்ச்ல?" என்று ஒருத்தன் கேட்டான்.

"தகரக் கூரை. மழை விழுந்தா பாதிரியார் பேசுறதே கேக்காது" என்றாள் ரோடா. பிறகு எலியுட் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, உங்களுக்கு ஒரு தடவ குடல் எறங்கி ஆஸ்பத்திரில கெடந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"உங்க வயலுக்கு யாரு கத்துனா?"

அவர் முழங்காலில் இருந்த தொப்பியைத் திருப்பி வைத்தார்.

"வன்ஜிராதான். ரெண்டு வாரம் கத்துனா. தன் வயல்ல நின்னுக்கிட்டே உங்க வயல்லயும் குருவிய எழுப்புனா. அந்தத் தொண்டை அப்படி. அந்தத் தொண்டைக்காகத்தான் கேக்குறேன், இந்தப் புள்ளைக்காக இல்ல. இந்தப் புள்ள வீட்டுக்குப் போனா ஒரு டீ தண்ணி குடுத்துட்டுச் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்கு என்ன ஆசையா இதுக்குச் செய்யணும்னு?"

யாரோ சிரித்தார்கள். எலியுட் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "இருபது நிமிஷம். இருபத்தோராவது நிமிஷம் நான் கத்துவேன், அவ பாஸானாலும் சரி, போனாலும் சரி" என்றார். கூட்டம் கலைந்தது.

கசோக்கியிடம் சொல்ல நானே போனேன். அவன் வயலோரத்து ஓடையில் சேப்பங்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். கரிசல் மண், காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற மண். முழங்கால் வரை சேறாக நின்றான். விஷயத்தை விவரமாகச் சொன்னேன். கோரைக் காட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அவன் வயல், முதலில் இறங்கினால் அங்கேதான் இறங்கும் என்பதையும் சொன்னேன்.

"சரி" என்றான்.

"சேறு எறியலாம். சத்தம் மட்டும் வேணாம்."

"சரி."

"நீதான் எங்க சத்தம் போடுற. உனக்குச் சொல்லவே வேண்டியதில்ல" என்று ஒரு குத்தலுக்காகச் சொன்னேன். அவன் குனிந்து இன்னொரு கிழங்குக்கு மண் அணைத்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. மகள் போகப்போகிறாளே, போனால் நீ இந்த வீட்டில் தனியாக என்ன செய்வாய், போகாமல் இங்கேயே இருந்தால் அவள்தான் என்ன ஆவாள், இதெல்லாம் உனக்கு உறைக்கிறதா என்று கேட்க வந்தவன் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை மழை இல்லை. மேகம் மட்டும் தாழ்வாக நின்றது. மிசேரே ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். அம்மாவின் நீலச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். மூன்று நாள் ஓய்விலும் ரோடாவின் தேனிலும் குரல் முக்கால்வாசி திரும்பியிருந்தது. மதகுப் பலகையின் மேல் நடந்து பார்த்தாள். இந்தப் பக்கம் ஆறு எட்டு எடுத்து வைத்தாள், அந்தப் பக்கம் ஆறு எட்டு. கிழக்கு முனை ல, மேற்கு முனை ர. "போதும்" என்று தலையாட்டினாள்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சக்கரத்தைச் சுற்றி மதகை இறக்கினேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நேரத்தில் மதகை மூடியது அதுவே முதல் தடவை, எஞ்சினியருக்குத் தெரிந்தால் என் வேலை போகும். தண்ணீர் சத்தம் நின்றது. பிறகு எலியுட் பெரியவர் தன் வயலிலிருந்து சிவப்புத் துணியை உயர்த்தினார். வயல் வயலாகக் கத்தல் நின்றுகொண்டே வந்தது, விளக்கை ஒவ்வொன்றாக அணைக்கிற மாதிரி. கடைசியாக ரோடா நிறுத்தினாள். அப்படி ஒரு அமைதியை நான் எங்கள் வாய்க்காலில் கேட்டதே இல்லை. நெல் அசைகிற சத்தம் கேட்டது.

போன் அடித்தது. எதிர்முனையில் ஒரு பெண் குரல், மழமழவென்று. பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டாள். பிறகு படிக்கச் சொன்னாள்.

மிசேரே கிழக்கே ஆறு எட்டு நடந்து "லைட்" என்றாள். மேற்கே நடந்து "ரைட்" என்றாள். "லோட். ரோட்." "லாக். ராக்." ஒவ்வொரு ஜோடிக்கும் நடந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. தட்டு கழுவும்போது இருந்த அதே முகம்.

எட்டாவது ஜோடியில் கோரைக் காட்டிலிருந்து கூட்டம் எழும்பியது.

முதலில் புகை மாதிரி. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பி, எங்களுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. கீழே ஒருத்தரும் கத்தவில்லை என்பதை நம்ப முடியாதது போல இன்னொரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் இறங்கியது. நான் சொன்ன மாதிரி பதினான்கு வயலிலும் கொஞ்சங் கொஞ்சமாக இறங்கவில்லை. மொத்தமாக, ஒரு குருவி மிச்சம் இல்லாமல், கசோக்கியின் வயலில் இறங்கியது. கதிரெல்லாம் தலை சாய்ந்து பச்சை வயல் மரப்பட்டை நிறமாகிவிட்டது. அந்த யோசனையைச் சொன்னவன் நான்தானே.

ரோடா இடுப்புத் துணியின் முனையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். எலியுட் பெரியவர் வரப்பில் உட்கார்ந்தேவிட்டார். கசோக்கி கிழக்கு வரப்பின் நடுவில், கையில் குச்சியோடு. இரண்டு உருண்டை எறிந்தான். விழுந்த இடத்தில் கொஞ்சம் எழும்பி மறுபடி உட்கார்ந்தன. மூன்றாவது உருண்டையைப் பிடித்தான், எறியவில்லை. குச்சியைக் கீழே போட்டான்.

மிசேரே பத்தொன்பதாவது ஜோடியில் இருந்தாள். அப்போது அவன் கத்தினான்.

"வன்ஜிரா!"

அந்தக் கூப்பாடு எனக்குத் தெரியும். ஒன்பதாம் வாய்க்காலில் எல்லோருக்கும் தெரியும். இருபது வருஷமாக நவம்பர் தோறும் கேட்டது. கசோக்கிக்குப் பார்வை கூர்மை, வன்ஜிராவுக்குத் தொண்டை. கூட்டம் எழும்புவதை முதலில் பார்ப்பவன் அவன். பார்த்ததும் அவள் பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுப்பான். அவள் வயலின் எந்த மூலையில் இருந்தாலும் நிமிர்ந்து கத்துவாள். அந்த வீட்டில் குருவி ஓட்டுவது என்றால் அதுதான். இப்போதும் கண்ணால் பார்த்தான், வாய் கூப்பிட்டுவிட்டது.

"வன்ஜிரா! வன்ஜிரா!"

அமைதியான வயலில் அது எங்கெல்லாமோ போய் மோதித் திரும்பியது. இறங்கிவிட்ட கூட்டம் ஒற்றைக் குரலுக்கு அசையவில்லை. மூன்று மாதம் பேசாத தொண்டை அது. மறுபடி கூப்பிட்டான். மறுபடியும். கடைசியில் பெயர் மாறி வெறும் கேவலாகியது. மலையேறி வந்தவனைப் போல முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். ஒருத்தரும் பதில் கத்தவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டார்களே. என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, நான் துடைக்கவில்லை.

மிசேரே நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். ஓடுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் மேற்கு முனைக்கு நடந்து "கரெக்ட்" என்றாள். திரும்பினாள். அவளுக்கு நேரெதிரே, இருநூறு தப்படித் தூரத்தில், அவள் அப்பா.

போனில் அந்தப் பெண் ஏதோ கேட்டாள். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது, ஆனாலும் புரிந்தது. அங்கே யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்களா என்று கேட்டாள்.

"இல்லை" என்றாள் மிசேரே, இங்கிலீஷில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. "யாரும் கூப்பிடவில்லை."

பிறகு மீதி இருபத்தொரு ஜோடியையும் நடந்து நடந்து படித்தாள். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. நாக்கு ஒரு இடத்திலும் மாறவில்லை.

முடிந்தபோது அந்தப் பெண்ணின் குரல் மாறிச் சிரிப்பு வந்திருந்தது. நாற்பதுக்கு நாற்பது. அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் வந்து சேரச் சொன்னாள். மிசேரே நன்றி சொல்லி, போனைத் துடைத்து, சட்டைப் பைக்குள் வைத்தாள். நான் கையை உயர்த்தினேன். அதே நொடி பதிமூன்று வயலிலிருந்தும் ஒரு கத்தல் எழுந்தது. கட்டிய தொண்டைகளிலிருந்து, திட்டும் கெட்ட வார்த்தையும் கலந்து. ரோடா துணியைத் துப்பிவிட்டுக் கத்திக்கொண்டே கசோக்கியின் வயலுக்குள் ஓடினாள். கூட்டம் கிளம்பிப் போயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் மேட்டிலிருந்து இறங்கிப் போனோம். வழியில் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று தேடிப் பார்த்தேன், கிடைத்தது எல்லாம் திட்டுவதற்கான வார்த்தையாக இருந்தது. வயலில் பாதிக்கு மேல் போயிருந்தது. நிற்கிற கதிரெல்லாம் பதர், நசுக்கினால் பால் இல்லை. ரோடா எங்களைப் பார்த்துவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல் தன் வரப்புக்குப் போய்விட்டாள்.

கசோக்கி வரப்பில் உட்கார்ந்திருந்தான். முகம் கழுவியிருந்தான் போல, தாடியில் ஈரம் இருந்தது.

"ஆச்சா?" என்று கேட்டான். குரல் கிழிந்திருந்தது.

"ஆச்சுப்பா. பாஸாயிட்டேன். எல்லாமே சரி."

"எப்பப் போகணும்?"

"அடுத்த திங்கள் இல்ல, அதுக்கடுத்தது."

"அறுப்புக்கு முன்னாடி."

"ஆமா."

அவன் ஒரு கதிரைப் பறித்து உள்ளங்கையில் தேய்த்து ஊதினான். எல்லாம் பறந்துவிட்டது. பிறகு, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"நடுவுல சத்தம் எதுவும் கேட்டுச்சா?"

மிசேரே பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணை வரப்போரத்தில் தேய்த்தாள்.

"இல்லப்பா. மதகுல தண்ணி விழுற எரைச்சல். ஒண்ணுமே கேக்கல."

கசோக்கி தலையைக் குனிந்தான். அவன் இரண்டு காலும் வயல் வாய்க்காலுக்குள் இருந்தன. மதகை நான் இன்னும் திறக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வடிந்து வெறும் சேறு தெரிந்தது, ஒரு சின்ன நண்டு அவன் குதிகால் பக்கத்தில் வழி தேடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"ஆமா," என்றான். "அங்க எப்பவும் எரைச்சல்தான்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மதகைத் திறக்கப் போனேன்.